பங்களாவுல நின்ன கிறிஸ்துமஸ் மரமும் அப்பாவோட உளிப்பெட்டியும்

போன வருசம் தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது வாட்ச்மேன் மாமா போன் பண்ணாரு. "டேய், பழைய தொரை பங்களா முன்னுக்கு நிக்குதுல்ல கிறிஸ்துமஸ் மரம், அதுல ரெண்ட சாய்க்கப் போறாங்கடா, கூரைமேல விழுந்துருமாம், ஒனக்கு வேணும்னா லோரியோட வா, இல்லாட்டி துண்டு போட்டு எரிச்சுருவானுங்க." நான் அப்ப இங்க மலேசியாவுல, பீடோர் டவுன்ல ஒரு வீட்டுல செருப்பு ராக் மாட்டிக்கிட்டு இருந்தேன். பாதி ஸ்க்ரூவோட அத அப்படியே விட்டுட்டு, அந்த அக்காகிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு கெளம்பிட்டேன். மரம்னா அவ்ளோ பைத்தியமான்னு கேட்டா, ஆமா. ஆனா அந்த மரத்துக்காக ஓடுனதுக்கு வேற காரணம் இருக்கு, அதுக்கு எங்கப்பாவோட பெட்டியில இருந்து ஆரம்பிக்கணும்.

எங்கப்பா தோட்டத்துத் தச்சர். லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, கதவு கழண்டாலும் அவருதான், கோயில் தேருக்கு ஆப்பு வச்சாலும் அவருதான், ஆளு செத்தா பெட்டி அடிக்கிறதும் அவருதான். அம்மா ரப்பர் பால் வெட்டு. தோட்டத்த செம்பனைக்கு மாத்தி லயத்த இடிச்சதுக்கப்புறம் நாங்க தாமானுக்கு, அதான் வீடமைப்புப் பகுதிக்கு, வந்துட்டோம். அப்பா இப்ப இல்ல. அவரு விட்டுட்டுப் போனதுல எனக்குன்னு கேட்டு வாங்கிக்கிட்டது அந்த உளிப்பெட்டி ஒண்ணுதான். நீளமா, மூடி போட்டு, ஓரத்துல புறாவால் பூட்டு வச்சு செஞ்ச பெட்டி. வெளிறின மஞ்சள் நிறம், தேன் கலர்ல பழுத்துப் போயிருக்கும், ஒரு கணு கூட கெடையாது, தூக்குனா பெட்டி கனமே தெரியாது, உள்ள இருக்குற உளிதான் கனம். நான் பட்டறை வச்சதுல இருந்து, அதாவது சரக்கு அடுக்குற பழைய மரப் பேலட்ட ஒடச்சு ராக்கு, சாமி மேடை, டீவி கேபினட்னு செய்ய ஆரம்பிச்சதுல இருந்து, வர்றவங்ககிட்ட எல்லாம் "இது பைன் மரம், எங்கப்பா அப்பவே பைன்ல வேல செஞ்சிருக்காரு"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

பலகைக் கடை தவுக்கே, அதான் மொதலாளி ஒருத்தரு, எழுபது வயசுக்கு மேல இருக்கும், ஒருநா எதுக்கோ பட்டறைக்கு வந்தவரு அந்தப் பெட்டிய பாத்தாரு. மூடிய தெறந்தாரு, மோந்தாரு, அடிப்பக்கத்துல வார்னிஷ் படாத எடத்துல கட்டைவிரல் நகத்தால ஒரு கீறு கீறுனாரு. அப்புறம் என்னமோ நான் அவரு பேரனுக்கு தப்பான பேரு வச்சிட்ட மாதிரி மொறைச்சுட்டு, "இனி புக்கான் பைன் லா அனே. இனி டாமார் மிஞ்ஞாக்"ன்னாரு, இது பைன் இல்ல அண்ணே, டாமார் மிஞ்ஞாக்னு. இப்பல்லாம் பாக்குறதே கஷ்டம்னும் மலாய்ல சொன்னாரு. எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. இத்தன வருசமா பொய் சொல்லிட்டேனேன்னு இல்ல, அப்பா வேல செஞ்ச மரம் என்னன்னே தெரியாம அவரு பேர வச்சு யாவாரம் பண்ணிக்கிட்டு இருந்துருக்கேனேன்னு.

அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன், அப்புறம் அது ஒரு நோய் மாதிரி ஒட்டிக்கிச்சு.

நம்ம ஊருல பைன்ங்கிறது ஒரு பொதுப்பேரு, ஊசி மாதிரி எல இருந்தா பைன், வெளிர் பலகையா இருந்தா பைன், கோபுரம் மாதிரி வளந்தா கிறிஸ்துமஸ் மரம், அதுவும் பைன்தான். எங்க லயத்துலயும் இப்படித்தானே, பக்கத்து வீட்டு ஆளு மாமா, தண்ணி தொறந்து விடுறவரு பெரியப்பா, யாரு யாருக்கு நெசமாவே ரத்த சொந்தம்னு கல்யாணம் பேசும்போதுதான் வெளிய வரும். மரத்துலயும் குடும்பத்த கிளறினா கத வேற மாதிரி போகுது. நான் வாங்குற பேலட்டுல வர்ற பைன் நெசமான பைன் குடும்பம், பைனஸ் ரேடியாட்டா. எங்கப்பா பெட்டி டாமார் மிஞ்ஞாக், அதாவது அகாத்திஸ், அது அராக்கேரியா குடும்பம். சரி, அந்தக் குடும்பத்துல வேற யாரு இருக்கான்னு பாத்தா, நம்ம பங்களா கிறிஸ்துமஸ் மரம்! அதுதான் அராக்கேரியாவே. நாம சின்னப்புள்ளையில கல்லெடுத்து அடிச்ச அந்த ஊசிக்கோபுரமும், எங்கப்பா பெட்டிக்கு அறுத்த மரமும் பங்காளிங்க, பேலட் பைன் வெறும் பேருக்கு சொந்தம். எல மட்டும் பாத்தா இத யாரும் நம்ப மாட்டாங்க. டாமார் மிஞ்ஞாக் எல அகலமா தோல் மாதிரி தடிப்பா இருக்கும், அது ஊசியிலை மரச்சாதின்னு சத்தியம் பண்ணாலும் ஏத்துக்க மாட்டீங்க. அந்தக் குடும்பத்துல மூணே மூணு கிளைதான். அகாத்திஸ், அராக்கேரியா, அப்புறம் வொல்லேமியா. கடைசியா சொன்னது 1994ல ஆஸ்திரேலியாவுல சிட்னிக்கு மேற்க ஒரு பள்ளத்தாக்குல கண்டுபுடிச்சது, காட்டுல வளந்த மரம் நூறுகூட தேறாது.

இப்ப புரியுதா நான் ஏன் செருப்பு ராக்க விட்டுட்டு ஓடுனேன்னு.

பங்களா மரத்த எல்லாரும் நோர்ஃபோக் பைன்னு சொல்லுவாங்க, நர்சரியில அந்தப் பேர்லதான் விக்கிறாங்க. ஆனா நம்ம மாதிரி வெயில் ஊருல அந்தப் பேர்ல நிக்கிற பெரும்பாலான மரம் நோர்ஃபோக் கெடையாது, அதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்குற குக் பைன். நோர்ஃபோக் நல்லா அகலமா, தட்டு தட்டா அடுக்குன மாதிரி விரியும். குக் பைன் ஒல்லியா தூணு மாதிரி போகும், பட்ட காகிதம் மாதிரி சுருள் சுருளா உரியும். எங்க மரத்துல பட்ட உரிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, சின்னதுல அத உரிச்சு சுருட்டு மாதிரி வாயில வச்சு தொரை நடிப்பு நடிச்சிருக்கோம். நியூ கலிடோனியா தீவு அதோட சொந்த ஊரு. கேப்டன் குக் 1774ல அந்தப்பக்கம் போனப்ப தூரத்துல வரிசையா நிக்கிறத பாத்துட்டு கப்பல்ல கூட வந்த அறிவாளிங்க சிலர் அது மரமே இல்ல, கல்தூணுன்னு சாதிச்சாங்களாம். அந்தப் பயணத்துலயே கொஞ்சம் தள்ளி நோர்ஃபோக் தீவையும் பாத்து, அடடா கப்பல் பாய்மரத்துக்கு ஆச்சேன்னு ஆசப்பட்டாங்க, 1788ல ஆள கூட்டிட்டுப் போயி குடியேத்தியும் வச்சாங்க, கடைசியில பாத்தா மரம் பாய்மரத்துக்கு ஆகல, படக்குன்னு ஒடியுது. ஆளப் பாத்து மாப்பிள்ள எடுத்த கத.

குக் பைன் பத்தி இன்னொரு வேடிக்க. அது நேரா நிக்காது, பூமத்திய ரேக இருக்குற பக்கமா சாயும். வடக்க இருந்தா தெக்க பாத்து, தெக்க இருந்தா வடக்க பாத்து. 2017ல வந்த ஒரு ஆய்வுல அஞ்சு கண்டத்துல 256 மரத்த அளந்து சராசரியா எட்டரை டிகிரி சாயுதுன்னு சொன்னாங்க, ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போக சாய்வு கூடுதாம். நம்ம பீடோர் ரேகைக்கு 4 டிகிரி வடக்கதான், ரொம்ப சாய வேண்டிய அவசியம் இல்ல. இத வாட்ச்மேன் மாமாகிட்ட சொல்லி கூரமேல விழாதுன்னு வாதாடிப் பாத்தேன். மாமா, "நீ மேனேஜர்கிட்ட போயி சொல்லு"ன்னுட்டாரு.

வெட்டுனாங்க. செயின்சா பட்ட ஒடனே பட்டையிலிருந்து வெள்ளையா பாலு மாதிரி வடிஞ்சுது, அறுத்த பையன் கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு. அம்மாவும் லோரியில கூட வந்திருந்தாங்க, பங்களாவ கடைசியா பாக்கணும்னு. முப்பது வருசம் பால் வெட்டுன கை, அத ரெண்டு வெரல்ல தொட்டு இழுத்துப் பாத்துட்டு, "பாலு இல்ல, இழுவ இல்ல பாரு, பிசின்"ன்னாங்க. அவ்ளோதான் ஆராய்ச்சி, சரியாத்தான் சொன்னாங்க. ரப்பர் பால் வேற வேல, மரத்துல அதுக்குன்னு தனி குழாய் ஓடுது, பிசின் வேற. ஆனா பிசினையும் நம்ம ஆளுங்க பால் வெட்டுற மாதிரியே கீறி எடுக்குற ஊரு இருக்கு. சுமத்ராவுல மெர்குசி பைன்னு ஒண்ணு, பூமத்திய ரேகைய தாண்டி இயற்கையா வளர்ற ஒரே பைன் அதுதான், அத கீறி வடிச்சு டர்பன்டைன் காய்ச்சுறாங்க. அகாத்திஸ் பிசின மணிலா கோப்பல்னு பேர் போட்டு வார்னிஷுக்கு உலகம் பூரா ஏத்துமதி பண்ணாங்க, டாமார்ங்கிற பேரே பிசின்தான்.

இப்ப என் முட்டாள்தனம். மரத்த பட்டறை பின்னால எறக்கிப் போட்டேன், தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல, சாமி மேடை மட்டும் ஒம்போது, சரி முடிச்சுட்டு அறுத்துக்கலாம்னு ஒரு தார்ப்பாய போட்டு மூடிட்டேன். மழக்காலம் வேற. தார்ப்பாய் போட்டதுதான் பெரிய தப்பு, உள்ள புழுங்கி ஆவி புடிச்சுருச்சு. ஒரு மாசம் கழிச்சு பலகை மில்லுக்குக் கொண்டு போயி அறுத்தா, வெள்ளையா வர வேண்டிய மரத்துல மை கொட்டுன மாதிரி நீலமும் சாம்பலும் ஓடிக்கெடக்கு. பூஞ்சக்காளான். மரத்துல இருக்குற சக்கரய தின்னுட்டு கலர விட்டுட்டுப் போகும், பலம் அவ்வளவா கொறையாது, ஆனா பாக்க அசிங்கம். ரப்பர் மரத்துலயும் இதே கததான், அதனாலதான் ரப்பர் பலகைய அறுத்த ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள போரான் மருந்துல முக்கி சூளையில வைக்கிறாங்க. தோட்டத்துல பொறந்த பயலுக்கு இது தெரியாதான்னு மில்லுக்காரரு சிரிச்சாரு.

சரி, கெட்டது போக நல்ல துண்டு கெடச்சுது. மேசமேல மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். பேலட் பைன் ஒண்ணு, குக் பைன் ஒண்ணு, அப்பா பெட்டி. பெட்டிய வெட்ட மனசு வரல, அடிப்பலகை ஓரத்த மட்டும் பிளேடால சீவிக்கிட்டேன். எங்க மாமா நக வேல செய்ற பத்தர், அவரோட பத்து மடங்கு லென்ஸ கடன் வாங்குனேன்.

பலகையோட தல, அதான் குறுக்க அறுத்த முகம், அதத்தான் பாக்கணும். ரப்பர் பலகையில அங்க வெறும் கண்ணுக்கே ஓட்ட ஓட்டயா தெரியும், தண்ணி போற குழாய். இந்த மூணுலயும் ஓட்டயே கெடையாது, ஊசியிலை மரத்துல அந்தக் குழாய் இல்ல, பொடிசு பொடிசா நார் மட்டுந்தான். சாஃப்ட்வுட்டு ஹார்ட்வுட்டுங்கிற பேச்சே இதுலதான் இருக்கு, மரம் கெட்டியா மெதுவாங்கிறதுல இல்ல. பால்சா மரம் பஞ்சு மாதிரி இருக்கும், அது ஹார்ட்வுட் கணக்கு. பேலட் பைன்ல வளையம் பளிச்சுன்னு தெரியும், வெளுப்பு ஒண்ணு கருப்பு ஒண்ணு, அதுங்க ஊருல குளிர் காலம் வெயில் காலம் இருக்கு. கரும்பட்டையில சின்னச் சின்ன புள்ளி தெரியும், அது பிசின் குழாய். பைன இழைச்சா பட்டறையே கமகமன்னு டர்பன்டைன் வாட அடிக்கிறது அதனாலதான், சாண்ட்பேப்பர் அடச்சுக்கிறதும் அதனாலதான். குக் பைன்லயும் அப்பா பெட்டியிலயும் அந்தப் புள்ளி இல்லவே இல்ல. பட்டையில அவ்ளோ பிசின் வடிச்ச மரம், உள்ள மரத்துல சுத்தமா வாட கெடையாது! குயின்ஸ்லாந்துல இதே குடும்பத்து ஹூப் பைன்ல வெண்ணெய்ப் பெட்டி செஞ்சாங்க, வெண்ணெயில மர வாட ஏறாதுன்னு.

இழைப்புளி போட்டா வித்தியாசம் இன்னும் நல்லா தெரியும். பைன்ல வெளுப்பு மெதுவா போகும் கருப்பு கட்டிக்கும், புளி தடக்கு தடக்குன்னு ஏறி எறங்கும், கணு வந்துட்டா போச்சு. குக் பைன் ஒரே சீரா போகும் ஆனா கணு நெறைய, ஒவ்வொரு அடுக்குலயும் கிளை வட்டமா வந்ததால கணுவும் வட்டமா ஒரே எடத்துல கூட்டமா நிக்கும், நல்ல செவப்பு கலர்ல. டாமார் மிஞ்ஞாக்? வெண்ணெய்தான். சுருள் அறுபடாம ஒரே நீட்டுக்கு வருது. கணு ஏன் இல்லன்னா அந்த மரம் வளரும்போது கீழ்க்கிளைய தானே கழட்டிப் போட்டுருமாம், நம்ம புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து சட்டைய கழட்டிப் போடுற மாதிரி. நியூசிலாந்து கௌரி மரமும் அகாத்திஸ்தான், அங்க தானே மஹூத்தான்னு பேர் வச்சு கும்புடுற மாதிரி ஒரு மரம் ஓங்கி நிக்குது, கணு இல்லாத அந்த நேர் தடிக்காகத்தான் வெள்ளக்காரன் பாய்மரத்துக்கு வெட்டித் தள்ளுனான். நோர்ஃபோக்குல கெடைக்காதது பங்காளி வீட்டுல கெடச்சுருச்சு. நம்ம போர்னியோ பக்கம் அகாத்திஸுக்கு சரவாக்குல பிண்டாங், சபாவுல மெங்கிலான். இப்ப அழிஞ்சுபோற பட்டியல்ல சேத்துட்டாங்க. மலேசியாவுல யாவாரத்துல இருக்குற நாட்டு சாஃப்ட்வுட்டே மூணுதான், டாமார் மிஞ்ஞாக், போடோ, செம்பிலோர், மத்ததெல்லாம் மெரந்தி செங்கால் பாலாவ்னு ஹார்ட்வுட் ராஜ்ஜியம்.

போடோவ பத்தி ஒண்ணு சொல்லாம போக முடியாது. அந்தக் கூட்டத்துல நாகேயியான்னு ஒரு மரம், எல அகலமா இருக்கும் ஆனா நடு நரம்பு கெடையாது, மூங்கில் எல மாதிரி கோடு கோடா ஓடும். அது இங்க நம்ம காட்டுலயும் இருக்கு, அங்க மேற்குத்தொடர்ச்சி மலையிலயும் இருக்கு, தென்னிந்தியாவுக்குன்னு சொந்தமா இருக்குற ஊசியிலை மரச்சாதி அது ஒண்ணே ஒண்ணுதானாம். எங்க பாட்டன் கப்பல் ஏறுறதுக்கு எவ்வளவோ முன்னாடியே ரெண்டு பக்கமும் நின்னுருக்கு. அப்புறம் லூமுட் பக்கம் கடற்கரைக்குப் போனா வரிசையா நிக்குதே ரூ மரம், நம்ம சவுக்கு, அத பைன்னு சொல்லி போட்டோ போடுறவங்களே, அது பூப்பூக்குற சாதி, நீங்க ஊசின்னு நெனைக்கிறது பச்ச குச்சி, கணுவுல புடிச்சு இழுத்தா டக்குன்னு கழண்டு வரும்.

பேலட் பைன மட்டம் தட்டுறேன்னு நெனைக்காதீங்க, எனக்கு சோறு போடுறது அதுதான். ரேடியாட்டாவுக்கு சொந்த ஊரு கலிஃபோர்னியா கடற்கரையில துண்டு நெலம், ரெண்டு மெக்சிகோ தீவு, அவ்ளோதான். ஆனா நியூசிலாந்துலயும் சிலியிலயும் நட்டா இருபத்தஞ்சு முப்பது வருசத்துல வெட்டுக்கு வந்துரும், நம்ம ரப்பர் மறுநடவு கணக்கு மாதிரியே. இங்கயும் 1960கள்ல காகிதத்துக்குன்னு கரீபியன் பைன நட்டுப் பாத்தாங்க, சில மரம் கிளையே விடாம நரி வாலு மாதிரி ஒரே குச்சியா மேல போச்சு. நம்ம ஊரு சூட்டுல அதுக்கு எப்ப நிறுத்தணும்னே தெரியல போல.

அந்த பேலட்டுல நான் மாட்டுன கதயும் சொல்லிடுறேன். ஒட்டுக்கடை அண்ணன் ஒருத்தருக்கு வெளிய போட பெஞ்சு செஞ்சு குடுத்தேன். பலகையில முத்திர இருந்துச்சு, ஒரு கதிர் படம், எந்த நாட்டுதுன்னு சொல்ற எழுத்து, பக்கத்துல எச்டி. எச்டின்னா சூடு காட்டி பதப்படுத்துனது, அதனால பூச்சி வராது அண்ணேன்னு அடிச்சு சொன்னேன். பதினாலு மாசத்துல காலு உள்ளுக்க கரையான் புகுந்து, ஒருத்தர் உக்காந்தப்ப பொசுக்குனு போயிருச்சு. நல்லவேள டீ மட்டுந்தான் கொட்டுச்சு. அப்புறந்தான் படிச்சேன், எச்டின்னா மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி சூடு அரமணி நேரம் புடிக்கணும், அது கப்பல்ல பூச்சி ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்குப் போகாம இருக்க வைக்கிற சட்டம், 2002ல கொண்டு வந்தது. மரத்துக்குள்ள அன்னைக்கு இருக்குற உயிர கொல்லும், நாளைக்கு வர்றத தடுக்காது. வெளிய போடுற பைனுக்கு பிரஷர்ல மருந்து ஏத்தணும், பச்ச கலந்த மாதிரி ஒரு நிறம் வரும் பாருங்க, அது. அதுவே எம்பின்னு முத்திர இருந்தா அது விஷப்பொக அடிச்சது, நான் சமையக்கட்டு சாமானுக்கு தொடவே மாட்டேன். அண்ணனுக்கு பாலாவ்ல வேற பெஞ்சு போட்டுக் குடுத்தேன், என் செலவு.

டாமார் மிஞ்ஞாக்கும் வெளிய நிக்காது, அதுவும் கரையானுக்கு பலகாரந்தான். அப்பா பெட்டி நாப்பது வருசத்துக்கு மேல தப்பிச்சதுக்கு மரம் காரணமில்ல. அவரு பெட்டிய தரையில வச்சதே கெடையாது, எப்பவும் ரெண்டு செங்கல்லு மேல, அடியில மட்டும் பழைய இஞ்சின் எண்ணெய் தடவிடுவாரு. தவுக்கே கீறுன எடத்துல இன்னும் லேசா அந்தக் கறுப்பு தெரியுது.

நீலம் ஓடுன குக் பைன் துண்டுங்கள எரிக்கலாம்னுதான் வச்சிருந்தேன். என் தங்கச்சி மவன் லேத்து வாங்கி கடைசல் பழகிக்கிட்டு இருக்கான், கெட்டுப்போனத குடு மாமா நான் பழகிக்கிறேன்னான். ஹவாயில இந்த மரத்துலதான் வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெல்லிசா கிண்ணம் கடையிறாங்கன்னு வீடியோ காட்டுனான். கணு வட்டமா நிக்குற எடமா பாத்து வெட்டிக் குடுத்தேன். நாலு கிண்ணம் ஒடஞ்சுது, அஞ்சாவது வந்துச்சு. சுத்தியும் ஏழு செவப்பு கணு, நடுவுலேர்ந்து நட்சத்திரம் மாதிரி விரியுது, நடுநடுவுல அந்த நீலம் பொக மாதிரி ஓடுது. ஜன்னல் பக்கம் தூக்கிப் புடிச்சா கணு மட்டும் தீக்கங்கு மாதிரி எரியுது.

அம்மா அத ரெண்டு நாளு கையில வச்சு திருப்பித் திருப்பி பாத்தாங்க. மூணாவது நாளு சாமி மேடையில விபூதி கொட்டி வச்சிருந்தாங்க. என்ன மரம்பா இதுன்னு கேட்டாங்க. நானும் ஆரம்பிச்சேன், அராக்கேரியா குடும்பம்மா, குக் பைன்னு பேரு, நியூ கலிடோனியாவுல இருந்து வந்தது, அப்பா பெட்டி இருக்குல்ல, அதுக்கு இது ஒருவகையில பங்காளி...

"பங்களா கிறிஸ்துமஸ் மரம்னு சொல்லிட்டுப் போயேன்"னுட்டு விபூதிய எடுத்து என் நெத்தியில பூசி விட்டாங்க.